குதிரை லாயத்தில் ஈத்தொல்லை: தினமும் லத்தி அள்ளியும் காலைக் கடிக்கும் ஈ குறையவில்லை

பொள்ளாச்சி_லாயம்:

எல்லாருக்கும் வணக்கம். தென்னந்தோப்புக்குள்ள நாலு குதிரைக்கான லாயம். மூணு மார்வாரி, ஒரு மட்டக்குதிரை. ஒவ்வொரு அறையும் 12-க்கு 12 அடி, மண் தரை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், முன்பக்கம் இடுப்புயரச் சுவர். படுக்கைக்கு வைக்கோல். தீனி சோளத்தட்டு, கோ-4 புல், கொஞ்சம் குதிரைமசால், கொள்ளு, தவிடு. பக்கத்துலயே ரெண்டு மாடும் நிக்குது.

காலையில ஒரு தடவை லத்தியை அள்ளி, லாயத்துக்குப் பின்னாடி இருபதடி தள்ளித் தென்னைமரத்தடியில கொட்டுறோம். வாரத்துக்கு ஒருக்கா சுவர்லயும் தரையிலயும் சைபர்மெத்ரின் அடிக்கிறோம். அடிச்ச அன்னிக்கு ஈ குறையும், மூணாம் நாள் பழையபடி. மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பிச்சதுல இருந்து ரொம்ப மோசம். முகத்துல மொய்க்கறது ஒருபக்கம், அதைவிட முன்னங்கால்ல முட்டிக்குக் கீழ உக்காந்து கடிக்கறதுதான் தாங்கல. குதிரைங்க பகல் பூரா காலைத் தரையில உதைச்சுக்கிட்டே இருக்கு, லாடம் தளர்ந்துபோகுது. ஒரு குதிரைக்குக் கண்ணோரத்துல சின்னப் புண், ஆற மாட்டேங்குது.

மருந்தை மாத்தணுமா? மாட்டுக்கு உண்ணிக்கு அடிக்கற மருந்தைக் குதிரை மேலயும் அடிக்கலாமா? சாயங்காலம் வேப்பிலை மூட்டம் போடச் சொல்றாங்க, தீனியில பூண்டு சேர்க்கச் சொல்றாங்க. எது உண்மையிலேயே வேலை செய்யும்?

•

மட்டக்குதிரை:

மருந்தை விடுங்க, முதல்ல எந்த ஈன்னு பாருங்க. உங்க லாயத்துல இருக்கறது குறைஞ்சது ரெண்டு வகை. ரெண்டும் பிறக்கற இடமே வேற. அதைப் பிரிச்சுப் பார்க்காம என்ன செஞ்சாலும் பாதி ஈ அப்படியே இருக்கும்.

முகத்துல, கண்ணுல, தொட்டியில மொய்க்கறது சாதாரண வீட்டு ஈ. அது கடிக்காது. கண்ணீர், எச்சில், புண்ணுல கசியற நீர் இதையெல்லாம் நக்கும். காலைக் கடிக்கறது லாய ஈ. தூரத்துல பார்த்தா வீட்டு ஈ மாதிரியேதான் இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்க: தலைக்கு முன்னாடி கறுப்பா ஒரு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும், வயித்து மேல சாம்பல் நிறத்துல கறுப்புப் புள்ளி இருக்கும். சுவர்ல உக்காரும்போது பெரும்பாலும் தலை மேல் பக்கமா உக்காரும். ஆண், பெண் ரெண்டுமே ரத்தம் குடிக்கும். குடிக்க ரெண்டு மூணு நிமிஷம் போதும், அப்புறம் பறந்துபோய் வெயில் படற சுவர்லயோ வேலிக்கம்பத்துலயோ உக்காந்து செரிக்கும். அதாவது நாள்ல பெரும்பாலான நேரம் அது குதிரை மேல இருக்காது. குதிரை மேல மருந்தடிச்சு அதை ஒழிக்க முடியாதது இதனாலதான்.

இப்ப பிறக்கற இடம். வீட்டு ஈ புது லத்தியில முட்டை போடும். ஒரு தடவைக்கு நூறு, நூத்தி ஐம்பது முட்டை வரைக்கும் போடும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏழுல இருந்து பத்து நாள்ல முட்டை ஈயாயிடும். லாய ஈக்குப் புது லத்தி அவ்வளவு பிடிக்காது. அதுக்கு வேண்டியது மூத்திரமும் லத்தியும் கலந்து ஊறி அழுகின வைக்கோல், தட்டு, புல். முட்டை ஈயாக ரெண்டுல இருந்து மூணு வாரம் ஆகும். தினமும் லத்தியை அள்ளுறீங்க, சரி. ஆனா கீழ்க்கண்ட இடங்களை என்னிக்காவது கிளறிப் பார்த்தீங்களா: தீனித் தொட்டிக்கு அடியில சிந்திக் கிடக்கற தட்டு, அறையோட நாலு மூலை, சுவரும் தரையும் சேர்ற ஓரம், தண்ணித் தொட்டி வழிஞ்சு நனையற இடம், மாடு நிக்கற பக்கத்துல மிதிபட்ட புல், வைக்கோல்போரோட அடிப்பாகம். ஒரு குச்சியை எடுத்து ரெண்டு மூணு அங்குல ஆழத்துக்குக் கிளறுங்க. வெள்ளையா நெளியற புழுவும், அரிசியளவுல செம்பழுப்பா இருக்கற கூட்டுப்புழுவும் கிடைச்சா அதுதான் உங்க ஈப்பண்ணை.

எண்ணிக்கையும் வேணும். நாள்தோறும் ஒரே நேரத்துல, வெயில் நேரத்துல, ஒரே குதிரையோட நாலு காலையும் பார்த்து ஈயை எண்ணி எழுதி வைங்க. வீட்டு ஈக்கு, 3-க்கு 5 அங்குல வெள்ளை அட்டையை விட்டத்துல ஈ உக்கார்ற இடமாப் பார்த்து ஆணி அடிச்சு ஏழு நாள் விடுங்க. ஈயோட கழிவு சின்னப் புள்ளியாப் படிஞ்சிருக்கும். ஒரு அட்டையில வாரத்துக்கு நூறு புள்ளியைத் தாண்டினா நிலைமை கைமீறுதுன்னு வெச்சுக்கலாம். செய்யற வேலை பலன் தருதான்னு தெரிய வேற வழி இல்லை. கண்ணால பார்த்துக் 'குறைஞ்ச மாதிரி இருக்கு'ன்னு சொல்றது நம்பற விஷயமில்லை.

மண் தரையைப் பத்தி ஒண்ணு. ஒரு குதிரை நாளைக்கு 5-ல இருந்து 10 லிட்டர் மூத்திரம் பேயும். அது தினமும் ஒரே இடத்துலதான் இறங்கும். வருஷக்கணக்கா ஊறின மண்ணை மேலாக்கக் கூட்டினா போதாது. ஊறின இடத்தை அரையடி ஆழத்துக்குத் தோண்டி வெளிய போட்டு, கிராவல் கொட்டி, தண்ணி தெளிச்சு, நல்லா திமிசு போட்டு இறுக்குங்க. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு போதும், அதுக்கு மேல போனா குதிரை நிக்கறதுக்குக் கஷ்டம். சரிவு முடியற இடத்துல ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால் மூடாம திறந்து இருக்கணும், தினமும் கழுவி விடணும். இல்லைன்னா அங்கயே புழு வைக்கும்.

•

நாலுகால்_வைத்தியர்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மருந்து பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் ஈயை விடக் குதிரைக்குத்தான் ஆபத்து.

மாட்டுக்கு உண்ணிக்காக அடிக்கும் மருந்துகளில் அமிட்ராஸ் ஒன்று. அதைக் குதிரை மேல் ஒருபோதும் அடிக்கக் கூடாது. மாடு தாங்கும், குதிரை தாங்காது. அமிட்ராஸ் குதிரையின் பெருங்குடல் அசைவை நிறுத்திவிடும். தீனி உள்ளேயே இறுகி, வயிற்றுவலியில் குதிரை புரளும், உயிரே போகலாம். மாட்டுக்குப் பயன்படுத்திய தெளிப்பானைக் கழுவாமல் குதிரைக்கு எடுப்பதும் இதே தவறுதான். புட்டியில் உட்பொருள் என்ன என்று படிக்காமல் 'உண்ணி மருந்து' என்ற பெயரைக் கேட்டு வாங்காதீர்கள்.

டைக்குளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு எங்காவது கிடைத்தாலும் லாயத்துக்குள் வேண்டாம். மூடிய இடத்தில் அதன் ஆவியைக் குதிரையும் சுவாசிக்கும், வேலை செய்பவரும் சுவாசிப்பார்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம். வாரவாரம் அதையே அடித்தால் எதிர்ப்புத்திறன் உள்ள ஈக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். மூன்றாம் நாள் பழையபடி ஆவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், இன்னொரு காரணம் தினமும் புதிதாக ஈ பிறப்பது. அடித்தே ஆக வேண்டுமென்றால் ஈ ஓய்வெடுக்கும் இடத்தில் அடியுங்கள்: காலை, மாலை வெயில் படும் வெளிச்சுவர், கம்பங்கள், விட்டம். தரையில், லத்தியில், படுக்கையில் அடிக்காதீர்கள். லத்தியில் ஈப்புழுவைத் தின்னும் சிற்றுண்ணிகளும், கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடும் மிகச் சிறிய குளவிகளும் வாழ்கின்றன. மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான், அவை ஈயைப் போல வேகமாக மீண்டு வருவதில்லை. தெளிக்கும்போது குதிரை, தீனி, தண்ணீர் எல்லாம் வெளியே இருக்க வேண்டும், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் நஞ்சு. லாயத்தில் எலிக்காகப் பூனை வளர்ப்பவர்கள் கவனியுங்கள். இந்தக் குடும்பம் முழுவதுமே மீனுக்கும் நஞ்சு, கழுவிய நீர் குட்டைக்குப் போகக் கூடாது.

குதிரையின் தோலில் அடிப்பதற்குக் குதிரைக்கென்று குறிப்பிட்ட மருந்தை, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டும், ஆனால் நேரடியாகப் பூசினால் சில குதிரைகளுக்குத் தோல் எரியும், முடி கொட்டும். தேங்காயெண்ணெய் 100 மில்லிக்கு வேப்பெண்ணெய் 2 அல்லது 3 மில்லி கலந்து, முதலில் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தடவி ஒரு நாள் பாருங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் வகைகள் எல்லாம் ஓரிரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும், வியர்த்தால் அதுவும் இல்லை.

பூண்டு வேண்டாம். தொடர்ந்து அதிகமாகக் கொடுத்தால் குதிரையின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வரும். அதனால் ஈ குறையும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை.

மூட்டம் போடுவது மாட்டுக்கொட்டிலில் காலங்காலமாக உள்ள பழக்கம். குதிரையின் நுரையீரல் புகைக்கும் தூசிக்கும் மிக எளிதில் பாதிக்கப்படும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தங்கும் புகையை இரவு முழுக்கச் சுவாசித்தால் நாள்பட்ட இருமல் வரும். ஈயும் புகை அடங்கியதும் திரும்பிவிடும். பிறகு, லாய ஈ பகலில் கடிப்பது, மாலை மூட்டம் அதற்கு எந்த வகையிலும் பொருந்தாது.

கண்ணோரப் புண்ணை அவசியம் காட்டுங்கள். வயிற்றில் வாழும் ஹேப்ரோனீமா என்ற புழுவின் குஞ்சுகளை ஈ சுமந்து வந்து ஈரமான இடத்தில் விடும்: கண்ணோரம், உதட்டோரம், ஆண்குறி உறை, கால் காயம். அங்கே சதை சிவந்து வளர்ந்து, கிள்ளினால் மஞ்சளாகக் குருணை குருணையாக வரும், சாதாரணக் களிம்புக்கு ஆறாது. கோடைப்புண் என்பது இதுதான். இதற்கான குடற்புழு மருந்து வாய்வழி ஐவர்மெக்டின், ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். 350 கிலோ குதிரைக்கு 70 மில்லிகிராம். எடையை நாடா வைத்து அளந்து கணக்கிடுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள், ஊசி போட்ட இடத்தில் தசை அழுகும் அளவுக்குக் கிருமித் தொற்று வரக்கூடும். புண் கண்ணுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் நீங்களாக எதையும் தடவ வேண்டாம்.

இன்னொன்று சர்ரா. டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய். பெரிய குதிரை ஈயும் லாய ஈயும் ஒரு விலங்கைப் பாதி கடித்துவிட்டு அடுத்ததைக் கடிக்கும்போது ஊசிமுனையிலேயே கடத்திவிடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் இளைப்பது, ஈறு வெளுப்பது இவை அறிகுறிகள். காய்ச்சல் இருக்கும் நேரத்தில் இரத்தம் எடுத்துப் பூச்சு பார்க்கச் சொல்லுங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி வரும் குதிரையை நேராகக் கொண்டுபோய்ப் பழைய குதிரைகளுக்கு நடுவில் கட்டுவதைத்தான் பார்க்கிறோம். இரத்தப் பரிசோதனை முடியும் வரை கிட்டத்தட்ட 200 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். கடி பாதியில் தடைப்பட்ட ஈ அவ்வளவு தூரம் பறந்து வேறு குதிரையைத் தேடுவது அரிது, பக்கத்தில் நிற்பதையே மறுபடி கடிக்கும்.

•

பொள்ளாச்சி_லாயம்:

ரொம்ப நன்றி டாக்டர். கண் புண்ணுக்கு நாளைக்கே ஆள் வரச் சொல்லியாச்சு.

மட்டக்குதிரை அண்ணா, கிளறிப் பார்த்தோம். அறை மூலையில கொஞ்சம்தான். தீனித் தொட்டிக்கு அடியில, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல நாலு விரல் சந்து இருக்கு, அங்க விழுந்த சோளத்தட்டும் புல்லும் கறுப்பா அழுகிக் கிடக்கு, கையளவு எடுத்தா அதுல பாதி புழு. மாடு நிக்கற பக்கமும் அப்படித்தான். தொட்டியைச் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி வைக்கலாம்னு இருக்கோம். லத்திக் குவியல் ஓரத்துல மண்ணுல கூட்டுப்புழு நிறைய இருக்கு, குவியல் நடுவுல ஒண்ணும் இல்லை. அது ஏன்? குவியலை என்ன செய்யணும்? சுண்ணாம்பு போட்டா சரியாகுமா?

•

உரக்குழி:

நடுவுல இல்லாததுக்குக் காரணம் சூடு. நல்லா அமைஞ்ச குவியல் உள்ள 55-ல இருந்து 65 டிகிரி வரைக்கும் போகும், அந்தச் சூட்டுல முட்டையும் புழுவும் செத்துடும். அதனால புழு எல்லாம் சூடு குறைஞ்ச வெளித்தோலுக்கு நகரும். முழுசா வளர்ந்த புழு கூடு கட்டறதுக்குக் காய்ந்த, குளுமையான இடம் தேடி வெளிய ஊர்ந்து வந்து மண்ணுக்குள்ள புகும். தென்னைமரத்தடி மண் அதுக்கு ரொம்ப வசதி. மண் மேல கொட்டறதை இன்னிக்கே நிறுத்துங்க.

கணக்கு பார்ப்போம். படுக்கையோட சேர்த்து ஒரு குதிரைக்கு நாளைக்குச் சுமார் 2 கன அடிக் கழிவு. நாலு குதிரைக்கு 8, வாரத்துக்கு 56 கன அடி. நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத் தொட்டி ஒண்ணு 64 கன அடி பிடிக்கும். அதாவது ஒரு வாரத்துக்கு ஒரு தொட்டி. மாட்டுச் சாணியைத் தனியா வைங்க, அது ரொம்ப ஈரம், இதுல கலந்தா காத்துப் புகாம சூடு ஏறாது.

மூணு தொட்டி, ஹாலோ பிளாக் வெச்சு மூணு பக்கம் சுவர், முன்பக்கம் கழட்டி மாட்டற பலகை. சுவர்ல கீழ்வரிசையில அங்கங்க கல்லை ஓட்டை வெளிய தெரியற மாதிரி படுக்கவெச்சுக் கட்டினா காத்துப் போகும். தரை கட்டாயம் சிமெண்ட். தரையைச் சுத்தி நாலு அங்குல அகலம், நாலு அங்குல ஆழத்துல ஒரு வாய்க்கால், அதுல எப்பவும் ரெண்டு அங்குலம் தண்ணி, ரெண்டு சொட்டுப் பாத்திரம் கழுவற சோப்பு. மண்ணைத் தேடி ஊர்ந்து வர்ற புழு அதுல விழுந்து சாகும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா வாரிக் கோழிக்குப் போடலாம், முதல்ல நல்ல தண்ணியில அலசிட்டு.

முதல் வாரம் முதல் தொட்டி, ரெண்டாவது வாரம் ரெண்டாவது, மூணாவது வாரம் மூணாவது. மூணாவது நிறையும்போது முதல் தொட்டி நிறைஞ்சு ரெண்டு வாரம் சூட்டுல இருந்திருக்கும். அதை எடுத்துத் தோப்புல ஒரு மேட்டுல குவிச்சு மூடிட்டா மீதி மக்கறது அங்க நடக்கும், அதுல ஈ பிறக்காது. முழு எருவாக இன்னும் ஒன்றரை ரெண்டு மாசம் ஆகும், அவசரமில்லை.

இதுல தவறிப் போறது எங்கன்னா, வெளித்தோல். தினமும் புதுசைக் கொட்டின உடனே மேல ஒரு விரல் கனத்துக்குப் பழைய எருவோ காய்ஞ்ச மரத்தூளோ தூவி, கறுப்புத் தார்ப்பாயை இழுத்து மூடி ஓரத்துல கல் வைங்க. நாலு நாளைக்கு ஒருக்கா வாரியால விளிம்புல இருக்கறதை நடுவுக்கும், நடுவுல இருக்கறதை விளிம்புக்கும் மாத்துங்க. இதைப் பத்து நாள் தள்ளிப் போட்டா விளிம்புல இருந்த முட்டை ஈயாகிப் பறந்துபோயிருக்கும். நாலு நாள்ங்கறதுக்கு அதுதான் காரணம்.

ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிங்க. ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. ஒழுகினா காய்ஞ்ச மரத்தூள் சேருங்க, கை நனையவே இல்லைன்னா தண்ணி தெளிங்க. சூடு பார்க்கக் கடப்பாரையை நடுவுல இறக்கிப் பத்து நிமிஷம் விட்டு உருவுங்க. நுனியைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியலைன்னா தேவையான சூடு இருக்கு. வெதுவெதுன்னு மட்டும் இருந்தா ஒண்ணு ஈரம் அதிகம், இல்லை காத்து இல்லை, இல்லை குவியல் சின்னது. மூணடிக்குக் குறைஞ்ச குவியல் சூட்டைப் பிடிச்சு வைக்காது.

இடமோ காசோ இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி: அன்னன்னிக்கு லத்தியை ரெண்டு அங்குலத்துக்கு மிகாம வெயில்ல பரப்பிக் காய விடறது. நம்ம வெயிலுக்கு ரெண்டு நாள்ல முட்டை பொரிச்ச புழு காய்ஞ்சு செத்துடும். மழைக்காலத்துல இது உதவாது. குதிரை மேயற இடத்துல மட்டும் பரப்பாதீங்க, குடற்புழு முட்டையைக் கொண்டுபோய்த் தீனியில தூவற வேலை அது.

சுண்ணாம்பு: குவியல்ல போடவே போடாதீங்க. அது காரம், எருவுல இருக்கற தழைச்சத்தை அமோனியாவா விரட்டிடும், எருவும் வீண், கண்ணும் எரியும். கல்சுண்ணாம்பைக் கையால தொடக்கூட வேண்டாம், ஈரம் பட்டா கொதிக்கும், குளம்பும் தோலும் வெந்துபோகும். நீத்துன தூள் சுண்ணாம்புக்கு ஒரே ஒரு இடம் இருக்கு: அறையை முழுசா காலி பண்ணி, மூத்திரம் ஊறின தரையைக் காய வெச்ச பிறகு, மேலே மெல்லிசா தூவி, நாத்தம் போக ஒரு மணி நேரம் திறந்து விட்டு, மேல படுக்கை போடறது. ஈரத்து மேல தூவினா அமோனியா கிளம்பும், அதைக் குதிரை படுத்துக்கிட்டே சுவாசிக்கும்.

•

விசிறி_வலை:

பிறக்கற இடத்தைச் சரி பண்ணினாலும் ஏற்கெனவே பறந்துக்கிட்டு இருக்கற ஈ இன்னும் ரெண்டு மூணு வாரம் உயிரோட இருக்கும். அதுவரைக்கும் குதிரையைக் காப்பாத்த மூணு விஷயம்.

முதல்ல காத்து. ஈ, கொசு எதுவுமே பலமான காத்துல சரியாப் பறக்காது. ஒவ்வொரு அறைக்கும் 18 அங்குலச் சுவர்விசிறி ஒண்ணு, குதிரை எம்பினாலும் எட்டாத உயரத்துல, கீழ்நோக்கிச் சாய்ச்சு, காத்து தோள்ல இருந்து கால் வரைக்கும் படற மாதிரி வைங்க. கூண்டுக்கம்பி இடைவெளி சின்னதா இருக்கணும். மோட்டார் மூடின வகையா இருக்கணும், வைக்கோல் தூசி உள்ள போய்ச் சூடாகித் தீப்பிடிக்கறது இந்த இடத்துலதான். ஒயரைப் பைப்புக்குள்ள போட்டு, மின்கசிவு வந்தா உடனே கரண்டை நிறுத்தற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்க. லாடம் அடிச்ச குதிரை ஈரத்தரையில நிக்குது, கொஞ்சம் கசிவு வந்தாலே ஆபத்து.

அடுத்தது பொறி. வீட்டு ஈக்கும் லாய ஈக்கும் ஒரே பொறி வேலை செய்யாது. வீட்டு ஈக்கு ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை மேல்பாகம் அறுத்துக் கவிழ்த்துச் செருகி, 250 மில்லி தண்ணியில 50 கிராம் வெல்லம், ஒரு சிட்டிகை ஈஸ்ட், ரெண்டு சொட்டு சோப்பு. ரெண்டாம் நாள் புளிச்சதும் இழுக்க ஆரம்பிக்கும். கருவாட்டுத் துண்டு போட்டா இன்னும் வேகம், நாத்தமும் அதிகம். எல்லாரும் இதை லாயத்துக்குள்ளயே கட்டறாங்க, அப்ப தோப்புல இருக்கற ஈ எல்லாம் லாயத்துக்குள்ள வரும். முப்பதுல இருந்து ஐம்பதடி தள்ளி, வெயில்ல, நாலடி உயரத்துல கட்டுங்க. வாரத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

லாய ஈ ரத்தம் குடிக்கறது, வெல்லத்துக்கு வராது. அதுக்கு நிறம்தான் வேணும். வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒரு அடிக்கு ஒன்றரை அடி, ரெண்டு பக்கமும் எலிப்பசையை மெல்லிசா தடவி, தரையில இருந்து ரெண்டு மூணடி உயரத்துல குச்சியில கட்டி, லாயத்துக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவுல வெயில் படற இடத்துல நிறுத்துங்க. ஆளுயரத்துல கட்டினா ஒண்ணும் விழாது, இந்த ஈ தாழத்தான் பறக்கும். விளக்கெண்ணெய் தடவினாலும் ஒட்டும், ஆனா தினமும் புதுசாத் தடவணும், மழை பட்டா போச்சு. ஓணானும் சிட்டும் ஒட்டிக்காம இருக்கச் சுத்தி ஒரு அங்குலக் கோழிவலை அடிச்சுடுங்க. பெரிய குதிரை ஈ இருந்தா நீலத்துணியும் கறுப்புத்துணியும் வெச்சுத் தைக்கற பொறி இருக்கு, நீலம் தூரத்துல இருந்து இழுக்கும், கறுப்புல வந்து உக்காரும்.

விஷம் கலந்த ஈ இரை, இமிடாக்ளோபிரிட், தயாமெத்தாக்சாம் வகைகள், வீட்டு ஈக்கு மட்டும்தான். தீனிக்குப் பக்கத்துல தூவாதீங்க, கோழியும் நாயும் எட்டாத தட்டுல வெச்சு உயரத்துல மாட்டுங்க.

மூணாவது குதிரை மேல. முகத்துக்கு வலைமுகமூடி, வலை கண்ணுல படாம குவிஞ்சு நிக்கணும். தினமும் கழட்டித் துடைச்சு, உள்ள கண்ணைப் பார்த்துட்டுப் போடுங்க, ராத்திரி கழட்டிடுங்க. முகமூடி கிடைக்கலைன்னா நெத்திப்பட்டையில கண்ணுக்குக் கீழ வரைக்கும் தொங்கற நூல் குஞ்சம். கால்ல முட்டிக்குக் கீழ வலைச்சுத்து. கண்காட்சிக்குன்னு நெத்திமயிர், காதுக்குள்ள இருக்கற முடி, வால் இதையெல்லாம் ஒட்ட வெட்டறவங்க ஈத்தொல்லை அடங்கற வரைக்கும் வெட்டாம விட்டுடுங்க. ஈயை விரட்டக் குதிரைகிட்ட இருக்கற முக்கியமான ஆயுதம் அதுதான்.

•

பொள்ளாச்சி_லாயம்:

கடைசியா ஒண்ணு. இங்க தென்னைநார்க் கழிவு ரொம்ப மலிவு. வைக்கோலுக்குப் பதிலா அதைப் படுக்கைக்குப் போட்டா ஈ குறையுமா?

•

மட்டக்குதிரை:

வைக்கோலை விட நல்லது, ஆனா அதுக்கு வேற விதமா வேலை செய்யணும். வைக்கோல் நனைஞ்சா கண்ணுக்குத் தெரியும், நாத்தம் வரும். நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரம் குடிக்கும், மேலாகக் காய்ஞ்ச மாதிரியே இருக்கும், ரெண்டு அங்குலத்துக்குக் கீழ சொதசொதன்னு இருக்கும். நிறமும் பழுப்பு, ஈரம் பிரிஞ்சு தெரியாது. அதனால காலையில கையுறை போட்டுக்கிட்டு நேத்துக் குதிரை மூத்திரம் பேஞ்ச இடத்துல கைவிட்டுப் பார்த்து, ஈரக்கட்டியைத் தரை வரைக்கும் வெட்டி எடுத்துடணும். அந்தக் குழியை அரை மணி நேரம் காய விட்டு, சுத்தி இருக்கற காய்ஞ்சதைத் தள்ளி மூடிப் புதுசு ஒரு கூடை போட்டா போதும். ஆறு அங்குலக் கனம் வைங்க, அதுக்கு மேல போட்டா அடிஈரம் வெளிய வராது.

வாங்கும்போது நல்லா காய்ஞ்சதா, சலிச்சதாப் பாருங்க. தூசி பறந்தா லேசாத் தண்ணி தெளிச்சுப் பரப்புங்க. குதிரை வெளிய நிக்கும்போதுதான் கொட்டணும். உரக்குழி சொன்ன தொட்டிக்கு ஒரு திருத்தம் வேணும்: நார்க்கழிவு மக்க ரொம்ப நாள் எடுக்கும், அதுவே நிறைய கலந்தா சூடு ஏறாது. அதனால ஈரக்கட்டியும் லத்தியும் மட்டும் தொட்டிக்குப் போகட்டும், காய்ஞ்ச நாரை லத்தியோட சேர்த்து வாராம, பல் நெருக்கமான வாரியால சலிச்சு அறையிலயே விட்டுடுங்க. அள்ளறதைக் காலை ஒண்ணு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒண்ணு, ராத்திரித் தீனி வைக்கும்போது ஒண்ணுன்னு மூணு வேளையா மாத்துங்க. நாலு குதிரைக்கு ஒரு ஆள் ஒரு வேளைக்கு இருபது நிமிஷத்துல முடிச்சுடலாம்.

மட்டக்குதிரை நிக்கற அறையில மட்டும் முதல் ரெண்டு நாள் கூடவே இருந்து பாருங்க. நாரைத் தின்ன ஆரம்பிச்சா உடனே எடுத்துட்டு மரத்தூளுக்கு மாத்திடுங்க, வயித்துல அடைச்சுக்கும்.

தீனித் தொட்டிக்கு அடியில எடுத்த அந்தக் கறுப்புத் தட்டை எங்க போட்டீங்க? அதுல இருக்கற கூட்டுப்புழு இன்னும் உயிரோடதான் இருக்கும். சும்மா குவிச்சு வெச்சிருந்தா இன்னிக்கே உரத்தொட்டி நடுவுல, சூடு இருக்கற இடத்துல ஒரு அடி ஆழத்துல புதைச்சுடுங்க. உரத்தொட்டி இன்னும் கட்டலைன்னா கறுப்புத் தார்ப்பாய்ல மூட்டையாச் சுருட்டி, ஓரத்தை இறுக்கிக் கட்டி, நல்ல வெயில்ல சிமெண்ட் தரையில ஒரு வாரம் போட்டு வைங்க.